ரூமுல இல்லன்னு சொன்னியே

கங்காதர நெல்லூர் பக்கம்
9-7-2024

முனிகிருஷ்ணனுக்கு உன் பெரியம்மா செங்கமலம் எழுதறது.

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். நான் எப்படி இருக்கேன்னு நீயும் கேக்காத. போன் மேல போன் பண்றியாம், எதிர் வீட்டுப் பழனி சொன்னான். எடுக்க மாட்டேன். உன் குரலை டிவியில கேட்டேன், அது போதும் எனக்கு. இந்த ஊரு தமிழ் இஸ்கூல்ல அஞ்சாவதோட நின்னவ நான். தப்பு இருந்தா இருக்கட்டும். பேச்சுல சொன்னா நீ குறுக்க வருவ. எழுதினா முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கினு படிச்சுத்தான் ஆவணும்.

அன்னிக்கு சாயங்காலம் யமுனா போன் பண்ணா. "ஆயா, லாட்ஜுல புகையா இருக்குது, படியில எறங்க முடியல, மூணாவது மாடி கடைசி ரூமு"ன்னா. அப்புறம் லைன் இல்ல. ஸ்ரீசிட்டி கம்பெனியில லீவு போட்டு, கூட வேலை செய்யற நந்திதாவோட திருப்பதி மலைக்குப் போய் வரேன்னு சொன்ன புள்ள. உடனே உனக்குப் போட்டேன். நீ ஃபயர் வண்டியில இருந்த, மணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுது. "அங்கதான் பெரியம்மா போய்க்கினு இருக்கோம். நானே உள்ள போறேன், அழுவாத"ன்னு சொன்ன. என் மவ செத்த பின்னாடி அவ பெத்ததை நான் வளத்தேன். அதைத் தேடிக்கினு அதோட மாமனே போறான், என் தங்கச்சி மவன். சாமின்னு ஒண்ணு இருக்குதுன்னு நெனைச்சேன்.

அப்புறம் டிவியில வந்த. மூஞ்செல்லாம் கரி. சுத்தி மைக்கு. "கடைசி ரூமுல ஒரு பொண்ணு இருக்குதுன்னு சொன்னாங்க. முழுக்கத் தேடிட்டேன். அந்தப் பொண்ணு ரூமுல இல்ல. முன்னாடியே வெளிய போயிருக்கா"ன்னு தெலுங்குல சொன்ன. சிரிச்சுக்கினே சொன்ன முனி. நான் பாத்தேன்.

நான் இன்னா பண்ணேன் தெரியுமா? சூடம் கொளுத்தினேன். காலையில மொத பஸ்ஸுல வந்துடுவா, பசியோட வருவான்னு தோசைக்கு ஆட்டி வெச்சுட்டு ரோட்டுல போய் நின்னேன். ஒவ்வொரு பஸ்ஸா போச்சு. கடைசியில பழனி ஓடியாந்து, போலீசு கூப்புடறாங்க ஆயா, திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வரணுமாம்னான்.

அங்க ஒரு மொட்டைத் தலையைக் காட்டினாங்க. இது எங்க புள்ள இல்லன்னு நானே சொன்னேன். எங்க புள்ளைக்கு முட்டி வரைக்கும் முடி, ஊரே கண்ணு வெச்ச முடி. திரும்பி நடந்தவ, அப்புறம்தான் காதைப் பாத்தேன். காது குத்தறப்போ ஆடிட்டா, ஓட்டை ஒரு பக்கமா ஏறிப் போச்சு. அந்தக் காது. அன்னிக்குக் காலையில மலையில முடி குடுத்திருக்கா. வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லல.

பொதைச்சுட்டோம். அதோட முடிஞ்சுதா? நீ சொன்னது இன்னும் எல்லார் போன்லயும் ஓடிக்கினு இருக்குது. "லாட்ஜிலிருந்து மாயமான இளம்பெண், யாருடன் சென்றார்?"னு கீழ எழுத்து ஓடுதாம். செத்துட்டான்னு மறுநாள் சொன்னதை ஒருத்தனும் பாக்கல. நேத்து தண்ணிக் கொழாய்கிட்ட கல்பனா கேக்கறா, "எவனோட போச்சாம் பெரியம்மா? எங்க போய் நெருப்புல மாட்டிச்சாம்?" கொடத்தை அப்படியே கீழ போட்டுட்டு வந்தேன்.

எந்த வாயால சொன்னியோ அந்த வாயால சொல்லு. எந்த மைக்கோ அந்த மைக்கு. என் பேத்தி எங்கயும் போகல, ரூமுலதான் இருந்தான்னு சொல்லு. உன் கல்யாணத்துல என்னை ரெண்டாம் பந்தியில உக்கார வெச்சதையே நான் இன்னும் மறக்கல. இதையா மறப்பேன்?

செங்கமலம்


திருப்பதி
15-7-2024

மதிப்பிற்குரிய பெரியம்மாவுக்கு முனிகிருஷ்ணன் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. காரியத்துக்கு வர முடியவில்லை, மன்னிக்கவும். ட்யூட்டி மாற்றிக்கொடுக்க ஆள் இல்லை.

நீங்கள் கேட்டதை இப்போது செய்ய முடியாத நிலையில் இருக்கிறேன். அன்றைக்கு நான் மைக்கில் பேசினதே தப்பு என்று மெமோ கொடுத்திருக்கிறார்கள். டிவி, பேப்பர் எதுவானாலும் பெரிய ஆபீசர் மட்டும்தான் பேச வேண்டும் என்று உத்தரவு. மீறிப் பேசினால் சஸ்பெண்டு. ஹரிதாவும் குழந்தையும் என் சம்பளத்தைத்தான் நம்பி இருக்கிறார்கள்.

பெரியம்மா, ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. அந்த ரூமில் அவ்வளவு புகை. என் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. தெரியாததைத்தான் இல்லை என்று சொன்னேன். வேறு எந்த அர்த்தமும் வைத்துச் சொல்லவில்லை. டிவிக்காரர்கள் அதை இப்படித் திருப்புவார்கள் என்று யார் கண்டது?

கொஞ்ச நாள் போனால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். சர்க்கரை மாத்திரையை விடாமல் போடவும்.

இப்படிக்கு,
முனிகிருஷ்ணன்


கங்காதர நெல்லூர் பக்கம்
19-7-2024

முனிக்கு,

இன்னா எழுத்துடா அது? தாசில்தார் ஆபீசுல இருந்து எனக்கு நோட்டீஸ் வந்தா மாதிரி. நீ, வா, போன்னு பேசறவன், "நீங்கள்" போட்டு எழுதியிருக்க. நீ எப்போ எனக்கு மரியாதை குடுக்கிறியோ அப்போ நீ எதையோ மறைக்கிறன்னு அர்த்தம். பத்தாவது ஃபெயிலானப்போ இப்படித்தான். "பெரியம்மா, சாப்பிட்டீங்களா"ன்னு வந்து நின்ன.

ஜனங்க மறந்துடுவாங்களா? மறக்கட்டும். நான் எதுக்கு இருக்கேன்?

கண்ணுக்குத் தெரியலன்னு எழுதியிருக்க. புகைக்குள்ள கண்ணு எதுக்குடா? போன பொங்கலுக்கு வந்தப்போ பசங்களுக்கெல்லாம் நீ வித்தை காட்டினதை நான் மறந்துட்டேன்னு நெனைச்சியா? கண்ணுல துண்டைக் கட்டிக்கினு, மண்டி போட்டு, ஒரு கையை செவுத்துமேல வெச்சுக்கினு, இன்னொரு கையால தரையைத் தடவிக்கினே வந்த. "எங்களுக்குக் கண்ணு இல்ல, கைதான் கண்ணு"ன்ன. யமுனா நெல்லு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கினு இருந்தா. அவ சடை உன் கையில மாட்டுச்சு. இழுத்துப் புடிச்சுக்கினு, "ஆளு கெடைச்சாச்சு"ன்னு கத்தின. அவ வலியில உன் முதுகுலயே நாலு வெச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

அதனால கண்ணு கதையை என்கிட்ட சொல்லாத. உன் கை இன்னா சொல்லிச்சு, அதைச் சொல்லு.

அவளை எந்த எடத்துல இருந்து தூக்கினாங்கன்னு நான் போலீசைக் கேட்டுட்டேன். அதே ரூமு. கதவுக்குப் பின்னாடி. கதவுக்குப் பின்னாடி தடவாம போற ஆளா நீ? ஊட்டுக்குள்ள வித்தை காட்டறப்போவே தடவினியே.

நந்திதாவுக்குப் பேச்சு வந்துடுச்சு, அவளையும் போய்ப் பாத்தேன். அவளை முன்னாடியே படியில இருந்து தூக்கியாந்துட்டீங்க, மயக்கமா இருந்ததால யமுனா மொட்டை போட்டதை அவ ஒருத்தருக்கும் சொல்லல. எதுக்கு வேண்டிக்கினான்னு கேட்டேன். தெரியாதுன்னா. "சொன்னா ஆயா விடமாட்டா, போட்டுக்கினு போய் நிக்கறேன், திட்டினா திட்டட்டும்"னு மட்டும் சொன்னாளாம். எதுக்குன்னு இனிமே எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கிற எனக்கு, இது தெரியாது.

உண்மையை எழுது. இல்லன்னா அடுத்த பஸ்ஸுல வந்து உங்க ஸ்டேஷன் வாசல்ல உக்காருவேன்.

செங்கமலம்


திருப்பதி
28-7-2024

பெரியம்மா,

நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இதையும் கிழிக்கிறதுக்கு முன்னாடி அனுப்பிடறேன்.

கதவுக்குப் பின்னாடி தடவினேன்.

வழியெல்லாம் உன் குரல்தான் காதுல. யமுனான்னா எனக்கு முடிதான் ஞாபகம். இருட்டுல ஆம்பளையா பொம்பளையா, யாரு எதுன்னு தெரியாது, ஆனா இவளை முடியை வெச்சுக் கண்டுபுடிச்சுடலாம்னு நெனைச்சேன். பொங்கலுக்குக் கண்டுபுடிச்சேனே, அந்த நெனைப்பு. ரூமுக்குள்ள போனதும் வலது கை கிளவுஸைக் கழட்டிட்டேன். கழட்டவே கூடாது. கிளவுஸோட தடவினா முடி தெரியாதேன்னு கழட்டினேன்.

கதவைத் தள்ளினா முழுசா தொறக்கல. பின்னாடி ஒரு ஆளு. கையை விட்டேன். மொட்டைத் தலை. தோளுமேல ஈரத் துண்டு. மலைக்கு வந்துட்டுப் போற பெரியவங்க அப்படித்தானே இருப்பாங்க. யாரோ ஒரு பெரியவர், பக்கத்து ரூமுல இருந்து வழி தெரியாம வந்து விழுந்திருக்காருன்னு நெனைச்சேன். துண்டை அவ நனைச்சுப் போத்திக்கினு இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? உலுக்கினேன். அசைவு இல்ல. கழுத்துல வெரலை வெச்சுப் பாக்கணும். பாக்கல. பெரியவர் முடிஞ்சுட்டாரு, பின்னாடி வர்ற ஆளுங்க தூக்கிக்குவாங்க, பொண்ணு உள்ள உயிரோட இருப்பா, மொதல்ல அவ. அப்படித்தான் மனசுல ஓடிச்சு. அவளைத் தாண்டி உள்ள போனேன் பெரியம்மா. அவளைத் தேடிக்கினு அவளையே தாண்டிப் போனேன்.

ரெண்டு கட்டில் அடியும் தடவினேன். பாத்ரூம், பீரோ சந்து, ஜன்னல் கீழ. எங்கயும் முடி இல்ல. முதுகுல சிலிண்டர் விசில் அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. காத்து தீரப்போறப்போ அடிக்கும், அடிச்சா வெளிய வந்தே ஆவணும். வர்றப்போ மறுபடி அந்தத் தலைமேல கால் படாம ஒதுங்கி வந்தேன். பெரியவராச்சேன்னு.

சூடா இருந்தாளான்னு நீ கேப்ப. சூடாத்தான் இருந்தா. அங்க எல்லாமே சூடாத்தான் இருந்துது.

சிரிச்சுக்கினே சொன்னேன்னு எழுதியிருக்கியே. ஆமா, சிரிச்சேன். சந்தோஷத்துல சிரிச்சேன். ரூமுல இல்லன்னா தப்பிச்சுட்டான்னுதானே? மைக்கை நீட்டினப்போ எனக்கு டிவியோ ஊரோ எதுவும் தெரியல. என் போன் வண்டியில கெடந்துது. நீ டிவி முன்னாடிதான் உக்காந்துக்கினு இருப்பன்னு தெரியும். உனக்குச் சேதி சொல்லணும்னு சொன்னேன். அந்த மைக்குல நான் பேசினது உன்கிட்ட மட்டும்தான்.

பேசிட்டு மைக்கை ஒதுக்கக் கையைத் தூக்கினேன். உள்ளங்கையெல்லாம் மஞ்சளா சந்தனம். அப்பவும் பெரியவருதுன்னு நெனைச்சுக்கினு பேண்டுல தொடைச்சேன்.

இதை ஹரிதாவுக்குக்கூட சொல்லல. டிவியில சொன்னா வேலை போவும், கேஸு வரும், அதெல்லாம் வரட்டும். உயிரோட இருந்த பொண்ணை விட்டுட்டு வந்தவன் உங்கப்பன்னு என் கொழந்தைகிட்ட இஸ்கூல்ல சொல்லுவாங்க. அதான். நீ சொல்லு பெரியம்மா. நீ சொல்லுன்னா சொல்றேன். வேணாம்னா நம்ம ரெண்டு பேரோட போகட்டும்.

முனி


கங்காதர நெல்லூர் பக்கம்
3-8-2024

முனி,

படிச்சேன். அதைப்பத்தி இப்போ எழுத எனக்குக் கை வரல.

சொல்லட்டுமா வேணாமான்னு என்னைக் கேக்கறியா? அன்னிக்கு மைக்கு முன்னாடி வாயைத் தொறந்தப்போ என்னைக் கேட்டியா? வேலை போவாம இருக்க நான் வேணாம்னு சொல்லணும். நீ நிம்மதியா தூங்க நான் சொல்லுன்னு சொல்லணும். ரெண்டுக்கும் நான்தானா கெடைச்சேன்?

இந்த ஊருல இன்னிக்கும் என் பேத்தி ஓடிப்போனவ. நான் எழுத வேண்டியது இவ்ளோதான்.

செங்கமலம்


திருப்பதி
19-8-2024

பெரியம்மாவுக்கு,

பாத்திருப்ப. பாக்கலன்னாலும் யாராச்சும் காட்டியிருப்பாங்க.

நானேதான் கிரண்குமாரைக் கூப்பிட்டேன். அன்னிக்கு லாட்ஜ் வாசல்ல மைக்கை நீட்டின பையன். ஸ்டேஷன் கேட்டுக்கு வெளிய நின்னு பேசினேன். மொதல்ல சொன்னது இதுதான்: அந்தப் பொண்ணு எங்கயும் போகல, யாரோடயும் போகல, அவ ரூமுலதான் இருந்தா, துண்டை நனைச்சுப் போத்திக்கினு, நாங்க வருவோம்னு நம்பிக் கதவுகிட்ட காத்துக்கினு இருந்தா, நான் மைக்குல சொன்னது தப்பு, அவ பேருல ஒரு தப்பும் இல்ல. அதுக்கப்புறம் மொட்டைத் தலையைச் சொன்னேன். "சார், அந்தத் தலையைத் தொட்டதை இன்னொரு தடவை சொல்லுங்க, கேமராவைப் பாத்து"ன்னான். சொன்னேன். "கையைக் காட்டிச் சொல்லுங்க"ன்னான். காட்டினேன்.

சாயங்காலம் போட்டாங்க. "தலையைத் தொட்டேன். விட்டுட்டுப் போனேன்." இது ரெண்டுதான். திரும்பத் திரும்ப இதுவே. நான் மொதல்ல சொன்னது எதுவும் வரல. ஃபோன் பண்ணிக் கேட்டேன். "டைம் இல்ல சார், கட் ஆயிடுச்சு"ன்னான். நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைத்தான் வெட்டிட்டாங்க.

சஸ்பெண்டு ஆர்டர் வந்துடுச்சு. வீட்டு வாசல்ல கூட்டம் கூடி, கல்லு ஒண்ணு ஜன்னல்ல விழுந்துது. ஹரிதாவோட அண்ணன் வந்து அவளையும் கொழந்தையையும் சித்தூருக்கு இட்டுக்கினு போயிட்டாரு. அவ மேல தப்பில்ல.

கூட வேலை செஞ்சவங்க பாக்கறதில்ல. ரெண்டாவதா உள்ள போய் யமுனாவைத் தூக்கியாந்த பாலையா அண்ணன் மட்டும் வந்தாரு, ஜன்னல் கண்ணாடித் தூளைப் பெருக்கிட்டுப் போனாரு.

உடுப்பைத் துவைச்சு மடிச்சு ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். வண்டியைப் பழனி எடுத்துக்கட்டும், ஆர்.சி. புக்கு டிவி மேல இருக்கு. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு நளினி அக்காகிட்ட இருக்கும். இந்தக் கையால ஒரு வேலையும் செய்ய முடியல பெரியம்மா. சோத்துல வெச்சாலும் அந்தத் தலைதான் படுது.

இனிமே உனக்கு எழுதித் தொந்தரவு குடுக்க மாட்டேன்.

முனி


கங்காதர நெல்லூர் பக்கம்
22-8-2024

டேய் முனி,

உன் கடுதாசி இப்போதான் வந்துது. இதை தபால்ல போட்டா எப்போ சேருமோ. அதான் பழனி கையில குடுத்து பஸ் ஏத்தறேன். சாவி பக்கத்து வீட்டுல, வண்டி பழனிக்குன்னு எழுதியிருக்க. சாவியைக் குடுத்துட்டு எங்கடா போற? அது எந்த ஊருன்னு எனக்குத் தெரியாதா? என் மவளும் அப்படித்தான் கம்மலைக் கழட்டி பக்கத்து வீட்டு சென்னம்மாகிட்ட குடுத்துட்டு, கெணத்தாண்ட போனா. அன்னிக்கு எனக்குப் புரியல. அது எனக்கு ஒரு தடவை போதும்.

நேத்து நடந்ததைக் கேளு. கடைசி வரைக்கும் கேளு.

டிவி வண்டி நம்ம தெருவுக்கே வந்துடுச்சு. உன் கிரண்குமாருதான். பூவெல்லாம் போட்ட யமுனா போட்டோ முன்னாடி என்னை உக்காரச் சொன்னான். "அந்த ஃபயர்மேனைப் பத்திச் சொல்லுங்க பாட்டி, வயிறு எரிஞ்சு சொல்லுங்க"ன்னான். நான் உனக்கு எப்போடா பாட்டியானேன்னு கேட்டேன். அப்புறம் கேட்டேன், "நான் பேசறதை வெட்டுவியா?" "இல்ல பாட்டி, இது லைவு, நீங்க பேசப் பேச வீடுங்களுக்குப் போயிடும்"னான். சத்தியமான்னேன். அவன் தலைமேல அவனையே அடிச்சு சத்தியம் பண்ண வெச்சேன். அதுக்கப்புறம்தான் மைக்கை வாங்கினேன்.

தெலுங்குலயே சொன்னேன், எல்லாருக்கும் புரியட்டும்னு. "இவ பேரு யமுனா. என் பேத்தி. தெனம் ரெண்டு பஸ் மாறி கம்பெனிக்குப் போய் நின்னுக்கினே வேலை செஞ்சவ. மலையில முடி குடுத்துட்டு வந்து ரூமுல இருந்தா. எவனோடயும் போகல. புகை வந்ததும் எனக்குத்தான் போன் பண்ணா. துண்டை நனைச்சுப் போத்திக்கினு கதவுகிட்ட காத்துக்கினு இருந்தா. மாயமாயிட்டான்னு ஓட்டறவங்க வீட்டுலயும் பொண்ணு இருக்கும்." கல்பனா கூட்டத்துல முன்னாடி நின்னா. அவ மூஞ்சியைப் பாத்தே சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கினா.

கிரண்குமாரு விடல. "உங்க சொந்தக்காரர்தானே விட்டுட்டுப் போனாரு, அவரை மன்னிப்பீங்களா, சபிப்பீங்களா, ஒரு வார்த்தை"ன்னான். அவன் தேடினான், அவ்ளோதான் உனக்குன்னு சொன்னேன். மீதி எனக்கும் அவனுக்கும் இருக்கற பேச்சு, அதுல உன் மைக்குக்கு இன்னா வேலைன்னு கேட்டு, அதை அவன் கையிலயே திணிச்சுட்டு உள்ள போய் கதவைச் சாத்திக்கினேன்.

இப்போ உனக்கு.

நான் உன்னை மன்னிக்கல. மன்னிச்சுட்டேன்னு ஊருல யாராச்சும் சொன்னா நம்பாத. கழுத்துல வெரலை வெக்காம போனதை நான் சாவற வரைக்கும் கேப்பேன். ரூமுல இல்லன்னு சொல்லி ஒரு ராத்திரி பூரா என்னை சந்தோஷப்பட வெச்சியே, அதையும் கேப்பேன். ரோட்டுல நின்னேனே, அதைக் கேப்பேன். சாப்புடறப்போ கேப்பேன், நீ கெழவனானாலும் கேப்பேன். நீ பாட்டுக்கு சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டா நான் யாரைக் கேக்கறது? செத்தவனைத் திட்ட எனக்குத் தெரியாது. என் மவளை இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை திட்ட முடியல என்னால. உள்ளயே கெடக்குது அது. உனக்கும் சேத்து அப்படி வெச்சுக்க இந்த உடம்புல எடம் இல்ல.

பழனிகிட்ட பதில் எழுதிக் குடுக்காத. செருப்பை மாட்டிக்கினு அவன் கூடவே பஸ் ஏறு. அவனுக்கு நான் சொல்லியிருக்கேன், உன் சட்டையை விடாதேன்னு.

கையில படுதுன்னா படட்டும். அந்தக் கையாலயே சோத்தை எடுத்துத் துன்னு. நான் எதிர்க்க உக்காந்து பாக்கறேன்.

உன் பெரியம்மா
செங்கமலம்